ஓடையோர வலை

வலைக்காரருக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பால்காரன் ஊற்றும் பாலை விரலில் தொட்டுப் பார்ப்பார். பேருந்தில் நடத்துநர் சொல்லும் ஊர்ப் பெயரை நம்பாமல் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்ப்பார். தன் வீட்டுக் கதவைத் தானே பூட்டிவிட்டு, கொஞ்ச தூரம் போனதும் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு மாப்பிள்ளையாக வாய்த்தவன் ஒரு தையல்காரன்.

"தையக்காரன் சொன்ன தேதிக்குத் துணி குடுத்து நீ பாத்திருக்கியா?" என்று கல்யாணப் பேச்சு எடுத்த அன்றே அடுக்களையில் மனைவியிடம் கேட்டார்.

"மெதுவாப் பேசுங்க, வெளிய கேக்கும்."

வெளியே கேட்டுத்தான் விட்டது. அப்படியும் கல்யாணம் நடந்தது. மகள் பிடிவாதக்காரி, அப்பனைக் கொண்டு பிறந்தவள். கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளை மாமனாருக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தான். தோள், கை, நீளம் எல்லாம் அச்சு. பை மட்டும் கிணறு. கையை விட்டால் முழங்கை வரை போகும்.

"மாப்ள என்னைக் கங்காருன்னு நெனச்சுட்டார்" என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஆனால் காட்டு வேலைக்கு அந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனார்.

அவருடைய வேலை காட்டில் வலை கட்டுவது. மீன் வலை இல்லை, பறவை வலை. சின்னப் பறவைகளை ஆராய்கிற அம்மாள் ஒருத்தி காட்டு ஓரத்தில் தகரக் கூரை போட்ட முகாமில் தங்கியிருந்தாள். எல்லாருக்கும் அவள் பறவையம்மா. தலைமயிரை விட மெல்லிய நூலில் பின்னிய வலையை இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டிவிட்டால் பறவை கண்ணுக்கு அது தெரியாது. பறந்து வந்து மோதி, வலையின் மடிப்பில் விழுந்து தொங்கும். உடனே எடுத்து, எடை போட்டு, காலில் ஒரு வளையம் மாட்டிப் பறக்கவிட வேண்டும். 'உடனே' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கவனிக்காமல் விட்டால் வெயிலில் காய்ந்து சாகும், மழையில் நனைந்தால் இன்னும் சீக்கிரம் சாகும். அதனால் வேலை முடிந்ததும் ஒவ்வொரு வலையையும் சுருட்டி மூடிவிட்டுத்தான் நகர வேண்டும். வலைக்காரர் கையில் இத்தனை வருஷத்தில் ஒரு பறவை செத்ததில்லை. அதை அவர் வெளியே சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் அதை நினைத்துக்கொண்டுதான் தூங்குவார்.

கடைகளில் ரெடிமேட் துணி குவிந்த பிறகு மாப்பிள்ளை தன் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். மகள் அழுதாள். வேறு வழியில்லாமல் அவனைத் தன்னோடு வேலைக்கு அழைத்து வந்தார். அங்கே பிடித்தது தொல்லை. வேலையில் அவன் இவருக்குக் கீழே. உறவில் மாப்பிள்ளை. திட்டுவதானாலும் 'நீங்க' போட்டுத்தான் திட்ட வேண்டும்.

"மாப்ளே, நீங்க சுருட்டின வலையா இது, இல்ல பாம்பு உரிச்ச சட்டையா?"

"சரியாத்தானே மாமா சுருட்டியிருக்கேன்."

"சரி, சரி. நான் ஒரு தடவ பாத்துக்கறேன்."

பார்ப்பது என்றால் கண்ணால் பார்ப்பதில்லை. மாப்பிள்ளை மூடிய வலையைப் பிரிப்பார். உள்ளே சிக்கின சருகை ஒவ்வொன்றாகப் பொறுக்குவார். திரும்பத் தன் கையால் சுருட்டுவார். அப்போதுதான் அவருக்குச் சோறு இறங்கும். அவர் துணிக் கீற்றால் முடிச்சுப் போடுகிறவர். மாப்பிள்ளையோ வீட்டுக் கொடியிலிருந்து சிவப்புப் பிளாஸ்டிக் கிளிப்புகளைக் கொண்டு வந்து, சுருட்டிய வலையைக் கம்பத்தோடு சேர்த்துக் கவ்வ விடுவான். "இது வலையா, காயப்போட்ட வேட்டியா?" என்று அதற்கும் ஒரு கேள்வி. ஆனால் கிளிப் நன்றாகத்தான் பிடித்தது. அதுவே அவருக்கு எரிச்சல்.

எல்லாவற்றையும் விடப் பெரிய எரிச்சல் ஒன்று உண்டு. இல்லாத குருவியின் சத்தம் மாப்பிள்ளைக்குக் கேட்டது.

"மாமா, அங்க ஈப்பிடிப்பான் கத்துது."

வலைக்காரர் நின்று கேட்பார். ஓடைச் சத்தம், இலைச் சத்தம். வேறொன்றும் இருக்காது. "எங்க கத்துது? உங்க வயிறு கத்துது" என்பார். வேலையில் நல்ல பேர் வாங்க இவன் போடுகிற நாடகம் இது என்று அவருக்குத் தெரியும். காட்டில் சின்னக் குருவிகளெல்லாம் சத்தம் போடுவதை விட்டுச் சில வருஷம் ஆகிவிட்டது. ஒரு காலத்தில் விடிந்தால் ஊசி ஊசியாகச் சத்தம் இறங்கும். இப்போது காக்கையும் மரங்கொத்தியும்தான். இதைப் பறவையம்மாவிடமே சொல்லியிருக்கிறார். அவளோ, வலையில் விழும் எண்ணிக்கை குறையவில்லையே என்றாள். எண்ணிக்கை காகிதத்தில் இருக்கும், காட்டில் இருக்காது என்று அவர் மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

அந்த வருஷம் ஓடையோரம், பட்டுப்போன மரத்தின் பொந்தில் ஓர் ஈப்பிடிப்பான் ஜோடி கூடு வைத்திருந்தது. கட்டைவிரல் பருமன் பறவை. தபால் உறையில் போட்டால் உறைக்குத்தான் எடை கூட. ஆணுக்கு நீல முதுகு, செம்மண் நிறத் தொண்டை. எப்போது பார்த்தாலும் ஒரே குச்சியில்தான் உட்கார்ந்திருக்கும். பூச்சி பறந்தால் பாய்ந்து அலகைச் 'சட்'டென்று மூடும், மறுபடி அதே குச்சிக்கு வந்துவிடும். ஆபீஸில் நாற்காலியை விட்டுக்கொடுக்காத குமாஸ்தா மாதிரி. பெண்ணுக்கு அந்தப் பகட்டெல்லாம் இல்லை. காய்ந்த இலை நிறம். பாசியும் சிலந்தி நூலும் கொண்டு கூட்டைப் பின்னியது அவள்தான், முட்டை மேல் உட்கார்ந்ததும் அவள்தான். குஞ்சு பொரித்தபோது ஒன்றுக்கும் உடம்பில் தூவி இல்லை. கண் திறக்காத சதைத் துணுக்குகள். தாய் மேலே உட்கார்ந்தால் சூடு, எழுந்தால் குளிர். ஆண் இரை கொண்டு வந்து போடுமே தவிர, குஞ்சு மேல் உட்காராது.

"சம்பாதிச்சுக் கொண்டு வந்து போடுவார், அடுப்படிப் பக்கம் வரமாட்டார்" என்று பறவையம்மா ஒரு நாள் சிரித்தாள். தன்னைத்தான் சொல்கிறாள் என்று வலைக்காரர் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

குஞ்சு பொரித்த அன்றே பறவையம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "ஓடையோர வலையை யாரும் திறக்கக் கூடாது. தாய் போற வழி அது. அவ மாட்டினா குஞ்சு அத்தனையும் போச்சு. கம்பத்தைப் பிடுங்கினா அதுவே பெரிய கலவரமாயிடும். சுருட்டியே இருக்கட்டும்." மாப்பிள்ளை அதைச் சுருட்டி, இரண்டு பக்கமும் சிவப்புக் கிளிப் மாட்டினான். வலைக்காரர் அன்று வேறு பக்கம் இருந்தார். மாப்பிள்ளை சுருட்டியதை அவர் பார்க்கவில்லை. அந்த முள் உள்ளே குத்திக்கொண்டே இருந்தது.

அன்று மத்தியானத்துக்கு மேல் வானம் கறுத்தது. மேட்டு வலைகளை மூட மாப்பிள்ளை போனான். பள்ளத்து வலைகளை வலைக்காரர் மூடினார். மூடி முடித்தவர் முகாமுக்குத் திரும்பியிருக்கலாம். கால் ஓடைப் பக்கம் போனது. சுருட்டு லூசாக இருந்தால், காற்றில் ஒரு மடிப்பு பிதுங்கிக்கொண்டு வந்தால், தாய்க்குருவி அதில் மாட்டினால்? தையல்காரன் கைவேலை. யார் கண்டது?

வலை சுருட்டியபடிதான் இருந்தது. தொட்டுப் பார்த்தார். இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் உள்ளே இரண்டு சருகு தெரிந்தது. ஒரு பக்கத்துக் கிளிப்பைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். கொஞ்சம் பிரித்தார், சருகைப் பொறுக்கினார். இன்னும் கொஞ்சம் பிரித்தார்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மகள்.

"அப்பா... இன்னைக்கும் அவரை..." குரல் அறுந்து அறுந்து வந்தது. ஓடைப் பள்ளத்தில் சிக்னல் நிற்காது. மேட்டில் பாறைப் பக்கம் போனால்தான் கிடைக்கும். "இரும்மா, இரு" என்று சொல்லிக்கொண்டே மேடேறினார்.

"இன்னைக்கும் அவரைத் திட்டினீங்களாப்பா?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. காலைல பேசறப்ப குரலே சரியில்ல."

"குரல் சரியில்லன்னா வெந்நி குடிக்கச் சொல்லு."

"அப்பா! அவரு பொய் சொல்ற ஆள் இல்லப்பா. உங்களுக்கு ஏன் அவரப் பிடிக்கல?"

"இல்லாத குருவி கத்துதுங்கறாரு. அதுக்குப் பேரு என்ன?"

"எனக்கென்ன தெரியும், அந்தக் குருவியக் கேளுங்க" என்று மகள் போனை வைத்துவிட்டாள். பதிலுக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே முதல் துளி மண்டையில் விழுந்தது. அடுத்த நிமிஷம் கொட்டியது. பாறையிலிருந்து முகாமுக்குக் குறுக்கு வழி உண்டு. வலைக்காரர் அதில் ஓடினார்.

முகாமில் தகரக் கூரை மேல் மழை தடதடத்தது. பறவையம்மா தராசை வேட்டித் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் மாப்பிள்ளையும் சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தான்.

"எல்லா வலையும் மூடியாச்சா?" பறவையம்மா தினமும் கேட்கிற கேள்வி.

"மூடியாச்சும்மா" என்றார்கள் இருவரும்.

மாப்பிள்ளை தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னான்: "மாமா, ஓடைப் பக்கம் அந்தத் தாய்க்குருவி விடாம கத்துது. மேட்டுப் பாதை வரைக்கும் கேக்குது. எப்பவும் கத்தற மாதிரி இல்ல. ஒரு தினுசா இருக்கு."

"ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றார் வலைக்காரர். "மழைச் சத்தத்துல பக்கத்துல பேசறதே கேக்கல. உங்களுக்குக் குருவி கேக்குதாக்கும்."

சொல்லி வாய் மூடவில்லை. கண் முன்னால் ஓடையோரக் கம்பம் வந்து நின்றது. வெறும் கம்பம். சிவப்பு இல்லை. கடைசியாக அந்தக் கம்பத்தைப் பார்த்தபோது அதில் கிளிப் இல்லை. இதை அவர் தன் கண்ணால் பார்த்தது நிச்சயம்.

"மாப்ளே, ஓடையோர வலைல கிளிப் மாட்டினீங்களா?"

"மாட்டினேனே. அன்னைக்கே."

"ரெண்டு பக்கமும்?"

"ரெண்டு பக்கமும் மாமா."

"நான் பாத்தப்ப ஒரு பக்கம் இல்ல."

மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. "நேத்து சாயங்காலம்கூடப் பாத்தேனே மாமா..."

"என் கண்ணு பொய் சொல்லுமா? கம்பம் மொட்டையா நின்னுச்சு. தையக் கடைல பொத்தான் மறந்தா திரும்பக் கொண்டு வந்து தருவாங்க. இங்க யாரு தருவா?" சொல்லச் சொல்ல அவருக்குக் கோபம் ஏறவில்லை, பயம்தான் ஏறியது. காற்று அடிக்கிறது. ஒரு பக்கம் பிடியில்லாத சுருட்டு பிரிந்துவிடும். பிரிந்தால் மடிப்பு தொங்கும். அவள் போகிற வழி.

பறவையம்மா வேலையை நிறுத்திவிட்டாள். "சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். ரெண்டு பேரும் போங்க. நான் வெந்நீர்ப் பை தயார் பண்ணி வைக்கறேன். மாட்டியிருந்தா இங்க கொண்டு வாங்க." ஒரு துணிப்பையை நீட்டினாள். பறவையைப் போட்டு எடுத்து வருகிற சின்னச் சுருக்குப் பை. வலைக்காரர் அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு இறங்கினார்.

பாதை சேறாகியிருந்தது. மழை சாய்ந்து அடித்தது. கண்ணாடியைத் துடைக்கத் துடைக்க நனைந்தது. வலைக்காரர் ஓடவும் முடியாமல் நடக்கவும் மனசு வராமல் தத்தித் தத்திப் போனார். இத்தனை வருஷம். ஒன்றுகூடச் சாகவில்லை. இன்றைக்கு இவன் கையால். இல்லை, இவனை அழைத்து வந்தவன் கையால். நனைந்த குருவி எவ்வளவு நேரம் தாங்கும்? மழை பிடித்து எவ்வளவு நேரமாகிறது? பொந்துக்குள் தூவி இல்லாத குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். தாய் வராத ஒவ்வொரு நிமிஷமும் அவற்றுக்குக் குளிர்.

"மாமா, பாத்து, வழுக்கும்."

"நீங்க உங்க காலப் பாருங்க."

ஓடை பெருகியிருந்தது. குறுக்கே கிடக்கும் கட்டை மேல் தண்ணீர் ஏறி ஓடியது. மாப்பிள்ளை முதலில் கடந்து கையை நீட்டினான். வலைக்காரர் அந்தக் கையைப் பார்த்தார், பிடிக்கவில்லை. கட்டையில் ஒரு காலை வைத்தார். வழுக்கியது. பிடித்தார்.

"கத்தறது நின்னுடுச்சு மாமா" என்றான் மாப்பிள்ளை, அக்கரையில் நின்று காதைச் சாய்த்து. அவன் குரல் செத்திருந்தது.

வலை பாதி பிரிந்து தொங்கியது. மழைத் துளிகள் நூல் நூலாகக் கோத்து நின்றன. கீழ் மடிப்பில், காய்ந்த இலை போல ஒரு பொட்டணம்.  கிட்டே போனார். இலை இல்லை. அவள்தான். நனைந்து பாதியாகச் சுருங்கியிருந்தாள். கால் ஒரு நூலில், இறக்கை இன்னொரு நூலில், கழுத்தில் ஒரு சுற்று. கண் மூடியிருந்தது.

கையை வைத்தார். எத்தனையோ பறவையை எடுத்த கை. இன்று நூல் பிடிபடவில்லை. கண்ணாடி வழியே எல்லாம் குழம்பிய தண்ணீர். ஒரு நூலை இழுத்தால் இன்னொன்று இறுகியது.

"அறுத்துடலாம். கத்தி குடுங்க."

"வேணாம் மாமா. அறுத்தா எந்த நூல் எங்க போகுதுன்னு தெரியாமப் போயிடும். தள்ளுங்க, நான் பாக்கறேன்."

"உங்களுக்கு..."

"தள்ளுங்க மாமா!"

மாப்பிள்ளை அவரிடம் இப்படிக் குரல் உயர்த்தியதே இல்லை. வலைக்காரர் தள்ளி நின்றார். நிற்க முடியாமல் பக்கத்திலேயே குனிந்தார். மாப்பிள்ளை முதலில் வலையைத் தொடவே இல்லை. எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே வந்தாள் என்று பார்த்தான். அப்புறம் கால் நூலை நகத்தால் நெம்பினான். கால் வந்தது. இறக்கைக்கு அடியில் விரலை விட்டு நூலை, ஊசிக் காதில் கோப்பதுபோல, அதன் போக்கிலேயே வழித்தான். கடைசியில் கழுத்துச் சுற்று. ஊதித் தூவியை விலக்கினான். சட்டென்று கையில் வந்துவிட்டாள்.

"இருக்கா?" என்றார் வலைக்காரர்.

மாப்பிள்ளை விரலை அவள் நெஞ்சில் வைத்தான். விரலை எடுக்காமல் காத்திருந்தான். அந்த நேரம் போல ஒரு நேரம் வலைக்காரருக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

"இருக்கு. துடிக்குது. ஆனா ரொம்பச் சில்லுன்னு இருக்கா."

"குடுங்க, குடுங்க." சுருக்குப் பையில் அவளைப் போட்டு, அந்தக் கிணற்றுப் பைக்குள் இறக்கி, மேலே உள்ளங்கையை வைத்து நெஞ்சோடு அழுத்திக்கொள்ளலாம் என்று பைக்குள் கையை விட்டார். இடம் ஒழிக்க விரலால் துழாவினார். போன். கைக்குட்டை. அதற்கும் அடியில், சின்னதாக, கடினமாக, பல்லுப் பல்லாக ஏதோ ஒன்று.

வெளியே எடுத்தார். சிவப்புக் கிளிப்.

மழையில் அது பளபளத்தது. வலைக்காரர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். சருகு ஞாபகம் வந்தது. போன் ஞாபகம் வந்தது. பாறை ஞாபகம் வந்தது. மொட்டைக் கம்பத்தைப் பார்த்தது உண்மைதான். மொட்டையடித்தவரும் அவர்தான். நிமிர்ந்தார். மாப்பிள்ளையும் பார்த்துவிட்டான். அவளை அவர் கையிலிருந்த சுருக்குப் பைக்குள் விட்டான். திரும்பிப் போய் வலையைச் சுருட்டினான். சுருட்டி முடித்துக் கையை மட்டும் பின்னால் நீட்டினான்.

"கிளிப் குடுங்க மாமா."

கொடுத்தார்.

மழை தூறலாக இளைத்தது. மரத்தடியில் நின்று வலைக்காரர் பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். முகாமுக்குக் கொண்டு போய் வெந்நீர்ப் பையில் வைப்பதா? அவ்வளவு நேரம் குஞ்சுகள் தாங்குமா? இங்கேயே விடுவதா? பறக்கத் தெம்பு இருக்குமா? அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நெஞ்சு அடிப்பது தன்னுடையதா அவளுடையதா என்றே தெரியவில்லை. அப்புறம் உள்ளே ஒரு கீறல். இன்னொரு கீறல். துணிக்குள் நகங்கள் பிறாண்டின.

"முழிச்சுக்கிட்டா."

பொந்து மரம் தெரிகிற தூரத்தில் பையைத் திறந்தார். அவள் உள்ளங்கையில் உட்கார்ந்தாள். தூவி சிலிர்த்தாள். கறுப்புப் பொட்டுக் கண் அவரைப் பார்த்ததா, பார்க்கவில்லையா தெரியாது. சட்டென்று தாழப் பறந்து ஒரு புதருக்குள் விழுந்தாள். காணோம்.

இருவரும் ஒரு பாறை மறைவில் குந்தினார்கள். ஆண் வந்தது, வாயில் ஈயோடு. தன் குச்சியில் உட்கார்ந்தது. பொந்துக்குப் போய், உடனே வெளியே வந்தது. மறுபடி குச்சி. மறுபடி ஈ. மறுபடி உள்ளே போய் வெளியே. சூடு கொடுக்கத் தெரியாத தகப்பன். வலைக்காரருக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

"பயந்த பறவை சில சமயம் கூட்டுக்கே வராதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க" என்றார்.

"வருவா மாமா."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

வெளிச்சம் மங்கியது. அவர் கண்ணுக்கு மரம் மட்டும் தெரிந்தது, பொந்து தெரியவில்லை. அப்போது மாப்பிள்ளை அவர் முழங்கையைத் தொட்டான். "வந்துட்டா. உள்ள போயிட்டா."

"எங்க? நான் பாக்கலையே."

"இப்பத்தான். குஞ்சுங்க கத்துது பாருங்க. கேக்குதா மாமா?"

வலைக்காரர் கேட்டார். மூச்சை அடக்கிக் கேட்டார். இலையிலிருந்து சொட்டும் தண்ணீர். ஓடை. தன் காதுக்குள் ஓடும் இரத்தம். வேறொன்றும் இல்லை.

"எப்பிடிக் கத்துது?"

"எண்ணெய் விடாத தையல் மெஷின மெதுவா ஓட்டினா ஒரு சத்தம் வரும்ல? அந்த மாதிரி. நல்லாத்தான் கேக்குதே மாமா. உங்களுக்குக் கேக்கலையா?"

 விடிந்தால் ஊசி ஊசியாக இறங்கிய சத்தம் எந்த வருஷம் நின்றது என்று யோசித்தார். காக்கை மட்டும் எப்படிக் கேட்கிறது என்று யோசித்தார். வலையில் விழும் எண்ணிக்கை குறையவில்லையே என்று பறவையம்மா சொன்னதும் நினைவுக்கு வந்தது. கை தானாகக் காதுமடலுக்குப் போனது.

எழுந்தார். "ஒரு தடவ கிட்டப் போய்ப் பாத்துட்டு வந்துடறேன். பொந்துல விரல் வச்சா சூடு தெரிஞ்சுடும்."

மாப்பிள்ளை அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். "மாமா, கிட்டப் போனீங்கன்னா மறுபடியும் பறந்துடுவா. அப்புறம் வரமாட்டா."

பூட்டை இழுத்துப் பார்த்தால் பூட்டே கழன்று கையில் வந்துவிடும். வலைக்காரர் உட்கார்ந்தார்.

"இன்னும் கத்துதா?"

"இப்ப நின்னுடுச்சு."

"நின்னுடுச்சா!" தூக்கிவாரிப் போட்டது.

"நல்லதுதான் மாமா. தாய் மேல உக்காந்து சூடு கெடைச்சா சத்தம் நின்னுடும்."

அவருக்குச் சற்று முன்பும் இதே நிசப்தம்தான், இப்போதும் இதே நிசப்தம்தான். இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்பதற்கு இந்தத் தையல்காரன் வாய் ஒன்றுதான் சாட்சி. அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். மழையில் நனைந்த முகம். அதில் ஒன்றும் எழுதி ஒட்டியிருக்கவில்லை.

திரும்பும்போது கட்டையைக் கடக்க அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கரை ஏறியதும் மாப்பிள்ளை மெல்லச் சொன்னான்: "மாமா, அம்மாகிட்ட காத்துல கிளிப் கழண்டுடுச்சுன்னு சொல்லிடறேன். நீங்க ஒண்ணும் பேச வேணாம்."

வலைக்காரர் நின்றுவிட்டார்.

"எனக்காகப் பொய் சொல்வீங்களா?"

"சின்னப் பொய்தானே மாமா. யாருக்கு என்ன நஷ்டம்?"

"அப்ப அங்க குஞ்சு கத்தினது? தாய் உள்ள போனது? அதுவும் எனக்காகச் சொன்ன சின்னப் பொய்யா?"

மாப்பிள்ளை திகைத்தான். "ஐயோ, அது நெஜம் மாமா."

"எப்பிடி நம்பறது?"

"தையக்காரன் வார்த்தை" என்று சிரிக்கப் பார்த்தான்.

"அதான் பயமாயிருக்கு." வலைக்காரர் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் நடந்தார்.  அவன் நல்லவன்தான் போலிருக்கிறது. நல்லவன் என்பதுதான் இப்போது தொல்லை. கிழவன் மனசு கஷ்டப்படக் கூடாது என்று செத்த குஞ்சைக்கூடக் கத்த வைத்துவிடுவான். காலை வரை பொந்துப் பக்கம் போக முடியாது. காலை வரை இதை வைத்துக்கொண்டு எப்படிக் கிடப்பது?

முகாமின் விளக்கு தெரிந்ததும் நின்றார்.

"மாப்ளே, கிளிப் காத்துல கழலல. நான்தான் கழட்டினேன். மூடின வலைய நான்தான் தெறந்தேன். இத நீங்க உங்க வாயால அம்மாகிட்ட சொல்லணும். என் மூஞ்சிக்கு நேரா."

"எதுக்கு மாமா? நீங்களே சொல்லுங்களேன்."

"நான் சொன்னா என்ன பிரயோசனம்? எனக்கு நான் யாருன்னு தெரியும். எனக்கு வலிச்சாலும் நீங்க நெஜம் பேசுவீங்களான்னுதான் தெரியணும். நீங்க சொல்லுங்க."

பறவையம்மா வாசற்படியில் வெந்நீர்ப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். "மாட்டியிருந்தாளா? எங்க அவ?"

"விட்டுட்டோம்மா. பொந்துக்குத் திரும்பிட்டா, குஞ்சு மேல உக்காந்துட்டா" என்றான் மாப்பிள்ளை.

"வலை எப்பிடித் தெறந்துச்சு? சுருட்டித்தானே வச்சிருந்தது?"

மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தான். வலைக்காரர் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் அவர் மூக்கு நுனியில் வந்து நின்றது. துடைக்கக் கை எழவில்லை.

"மாமாதான் தெறந்தாரும்மா" என்றான். "நான் சரியா மூடலைன்னு சந்தேகப்பட்டுப் பிரிச்சுப் பாத்தாரு. பாத்துட்டு மறந்துட்டாரு."

பறவையம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வை அவருக்குக் கன்னத்தில் விழுந்த அறை மாதிரி இருந்தது. காது மடல் சுட்டது. படியில் உட்கார்ந்தார். ஓடைப் பக்கம் இருட்டாக இருந்தது, எந்தச் சத்தமும் இல்லை. வலைக்காரர் மூச்சை மெல்ல வெளியே விட்டார். அப்படியானால் குஞ்சுகள் மேல் அவள் உட்கார்ந்துதான் இருக்கிறாள்.